‘ஃபார்ச்சுனேட் சன்’ யாருடைய பாட்டு?

2000களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ராங்லர் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்று ஓடியது. பின்னணியில் ‘ஃபார்ச்சுனேட் சன்’ என்ற பழைய ராக் பாட்டைப் பாடும் கரகரத்த ஒரு குரல். சிலர் கொடி அசைக்கவே பிறந்தவர்கள், அந்தச் சிவப்பு வெள்ளை நீலக் கொடியை, என்று பாடுகிறது. காதில் விழும்போது நாட்டுப்பற்றுப் பாட்டு மாதிரியே இருக்கும். உண்மையில் அடுத்த வரியிலேயே அந்தப் பாட்டு தலைகீழாகத் திரும்பிவிடும். விளம்பரத்தில் அந்த வரி வரவே இல்லை.

இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் இரண்டு பேச்சு கிளம்பும். ஒன்று, “பார், புரட்சி பேசியவன் கடைசியில் காசுக்குப் பாட்டை விற்றுவிட்டான்.” இன்னொன்று, “அவரைக் கேட்காமல் திருடிப் போட்டிருப்பார்கள்.” இந்த விளம்பரத்தைப் பொறுத்தவரை இரண்டுமே தப்பு. எழுதியவர் விற்கவில்லை. விளம்பரம் எடுத்தவர்கள் திருடவும் இல்லை, முறையாக அனுமதி வாங்கித்தான் போட்டார்கள். எழுதிய மனிதருக்கோ ஒரு வார்த்தை சொல்லும் உரிமைகூட இருக்கவில்லை.

இது எப்படிச் சாத்தியம்? பாட்டு என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்லும் பொருள் சட்டத்தின் கண்ணில் என்னவாக இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி, ஒரே பாட்டு வேறு வேறு இடத்தில் ஒலிக்கும்போது அதன் அர்த்தம் எப்படி மாறுகிறது என்பதில் இருக்கிறது. இரண்டையும் இந்த ஒரே பாட்டை வைத்துப் பார்ப்போம்.

முதலில், பாட்டு என்ன சொல்கிறது?

கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்பது கலிபோர்னியாவின் எல் செரிட்டோ ஊரைச் சேர்ந்த நான்கு பேர் கொண்ட ராக் குழு. அதில் பாட்டு எழுதியவர், பாடியவர், முன்னணி கிதார் வாசித்தவர் எல்லாம் ஜான் ஃபோகர்ட்டி. ‘ஃபார்ச்சுனேட் சன்’ 1969-ல் வந்தது. தலைப்பைத் தமிழில் ‘கொடுத்து வைத்த பிள்ளை’ என்று சொல்லலாம். இரண்டரை நிமிடம்கூட ஓடாத பாட்டு. இருபது நிமிடத்தில் எழுதி முடித்ததாக ஃபோகர்ட்டி பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அப்போது அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை இருந்தது. உரிய வயது இளைஞர்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அழைப்புக் கடிதம் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். காகிதத்தில் இது எல்லோருக்கும் பொது. ஆனால் கல்லூரியில் படிப்பவருக்குத் தள்ளிவைப்பு கிடைத்தது. உடல்நிலைச் சான்று காட்டினால் விலக்கு கிடைத்தது. செல்வாக்குள்ள குடும்பத்துப் பையன்களுக்கு, வியட்நாமுக்குப் போக வாய்ப்புக் குறைவான தேசியக் காவல் படையில் இடம் கிடைப்பது எளிதாக இருந்தது. கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாதவன், தெரிந்த டாக்டர் இல்லாதவன், சிபாரிசுக்கு ஆள் இல்லாதவன், இவர்கள்தான் விமானம் ஏறினார்கள். 1964-லிருந்து 1973 வரை ஏறத்தாழ 22 லட்சம் பேர் இப்படி அழைக்கப்பட்டார்கள். அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல்.

ஃபோகர்ட்டிக்கும் 1966-ல் அழைப்பு வந்தது. அவர் ராணுவத்தின் சேமப் படையில், அதாவது தேவைப்படும்போது அழைக்கப்படும் துணைப் படையில், சேர்ந்து சேவையை முடித்தார், போர்முனைக்குப் போகவில்லை. ஆக, இது வெளியில் நின்று கல்லெறிந்தவர் எழுதிய பாட்டு இல்லை. சீருடை போட்டவர் எழுதியது.

பொறி எங்கிருந்து கிளம்பியது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். முன்னாள் அதிபர் ஐசனோவரின் பேரன் டேவிட், 1968 டிசம்பரில் நிக்ஸனின் மகள் ஜூலியைத் திருமணம் செய்துகொண்டார். நிக்ஸன் அப்போது அதிபராகத் தேர்வாகிப் பதவியேற்கக் காத்திருந்தார். இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் எவரும் போருக்குப் போகப்போவதில்லை என்ற எரிச்சல்தான் பாட்டாயிற்று. (நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: டேவிட் பிறகு கடற்படையின் சேமப் படையில் சில ஆண்டுகள் பணியாற்றினார்.)

பாட்டில் வியட்நாம் என்ற சொல் ஒரு இடத்திலும் கிடையாது. போர் தப்பா சரியா என்ற வாதமும் இல்லை. முதல் பகுதியில் கொடி அசைப்பவர்கள் வருகிறார்கள். அதிபருக்கான வாத்தியம் முழங்கியதும் பீரங்கி உன் பக்கம் திரும்புகிறது. இரண்டாம் பகுதியில் செல்வச் செழிப்பில் பிறந்தவர்கள் வரிக்காரர் வரும்போது மட்டும் வீட்டில் ஒன்றுமே இல்லாத மாதிரி காட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவதில் நாட்டுப்பற்றில் கண் மின்னுகிறவர்கள் உன்னைப் போருக்கு அனுப்புகிறார்கள், எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால் இன்னும் இன்னும் என்கிறார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பாடுபவன் கத்துகிறான்: அது நான் இல்லை, நான் கொடுத்து வைத்தவன் இல்லை. முதல் பகுதியில், நான் செனட்டர் மகன் இல்லை என்றும் சொல்கிறான்.

அதாவது இது வர்க்கம் பற்றிய பாட்டு. கொடி மீது கோபமில்லை. கொடியை ஒருவன் அசைக்க, இன்னொருவன் சாக வேண்டியிருக்கிறதே என்பதுதான் கோபம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்கள் எல்லாம் எங்கிருந்து முளைத்தன என்று தெரியும்.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

இப்போது சட்டத்துக்கு வருவோம். பயப்பட வேண்டாம், ஒரு வீட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு வீடு கட்ட முதலில் வரைபடம் வேண்டும். எந்த அறை எங்கே, எவ்வளவு உயரம், எல்லாம் அதில் இருக்கும். பிறகு அந்த வரைபடத்தை வைத்துக் கொத்தனார்கள் ஒரு வீட்டை எழுப்புவார்கள். வரைபடம் ஒன்று, வீடு வேறு. அதே வரைபடத்தை வைத்து வேறொரு ஊரில் இன்னொருவர் இன்னொரு வீடு கட்டலாம். வரைபடம் ஒருவருடையது, முதல் வீடு இரண்டாமவருடையது, இரண்டாவது வீடு மூன்றாமவருடையது.

பாட்டும் அப்படியே. சொற்களும் மெட்டும் சேர்ந்தது வரைபடம். சட்டத்தில் இதை ‘இசைப்படைப்பு’ என்பார்கள். ஒரு நாள் ஒரு ஸ்டுடியோவில் குறிப்பிட்ட ஆட்கள் வாசித்துப் பாடிப் பதிவு செய்தது வீடு. இதற்குப் பெயர் ‘ஒலிப்பதிவு’. இசைத்துறையில் ‘மாஸ்டர்’ என்று சொல்வது இதைத்தான். இரண்டுக்கும் தனித்தனி காப்புரிமை உண்டு. காப்புரிமை என்றால், ஒரு படைப்பை நகலெடுக்கவும் வெளியிடவும் பிறருக்கு அனுமதி தரவும் மறுக்கவும் சட்டம் தரும் அதிகாரம்.

இந்த அதிகாரத்தை நிலத்தைப் போல விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம், வாரிசுக்கு விடலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். படைப்பாளி என்பவர் எழுதியவர். உரிமையாளர் என்பவர் காகிதத்தில் பெயர் இருப்பவர். இருவரும் ஒரே ஆளாக இருந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வீட்டு உவமை ஒரு இடத்தில் ஒத்துவராது. கட்டி முடித்த வீட்டைப் படம் பிடிக்க வரைபடம் போட்டவரைக் கேட்கத் தேவையில்லை. பாட்டிலோ கேட்டே ஆக வேண்டும். ஒலிப்பதிவுக்குள் எப்போதும் இசைப்படைப்பு ஒளிந்திருக்கிறது. பதிவைத் தொட்டால் அதையும் தொட்டதாகத்தான் கணக்கு.

சாவி யார் கையில் போயிற்று?

கிரீடென்ஸின் பாட்டுகளை வெளியிட்டது ஃபேன்டசி ரெக்கார்ட்ஸ். 1967-ல் அந்த நிறுவனத்தை வாங்கியவர் சால் ஜேன்ட்ஸ். பிற்காலத்தில் ‘அமடேயஸ்’ போன்ற ஆஸ்கர் படங்களைத் தயாரித்த அதே மனிதர். குழு பெரிதாகப் பேர் வாங்குவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டது. அதன்படி ஒலிப்பதிவு நிறுவனத்துக்குப் போனது. ஃபோகர்ட்டி எழுதிய பாடல்களின் உரிமையும் போனது. வரைபடமும் வீடும் இரண்டுமே.

குழு 1972-ல் கலைந்தது. ஒப்பந்தம் கலையவில்லை. ஃபோகர்ட்டி இன்னும் பல ஒலிப்பதிவுகள் தர வேண்டியிருந்தது. அதிலிருந்து வெளியே வர 1980-ல் ஒரு பெரிய விலை கொடுத்தார். கிரீடென்ஸ் ஒலிப்பதிவுகளுக்காகப் பாடகராகத் தனக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்தார். ராயல்டி என்பது, ஒரு படைப்பு விற்கும்போதோ பயன்படும்போதோ ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே வரும் பங்குத் தொகை. பல ஆண்டுகள் தன் பழைய பாடல்களை மேடையில் பாடவே மறுத்தார். பாடினால் யார் பணக்காரராவார் என்று அவருக்குத் தெரியும். 1987 ஜூலை 4 அன்று வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக நடந்த நிகழ்ச்சியில்தான் அந்த விரதத்தை முறித்துப் பழைய பாடல்களைப் பாடினார்.

இதற்கு நடுவில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 1984-ன் கடைசியில் வேறொரு நிறுவனத்துக்காக ஃபோகர்ட்டி ‘தி ஓல்டு மேன் டவுன் தி ரோடு’ என்ற பாட்டை வெளியிட்டார். உடனே ஃபேன்டசி வழக்குப் போட்டது. என்ன குற்றச்சாட்டு? 1970-ல் கிரீடென்ஸுக்காக எழுதிய ‘ரன் த்ரூ தி ஜங்கிள்’ பாட்டைக் காப்பியடித்துவிட்டார் என்று. பழைய பாட்டை எழுதியது யார்? அவரேதான். தன்னிடமிருந்து தானே திருடியதாக ஒரு மனிதர் நீதிமன்றத்தில் நின்றார்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் சட்டப்படி அந்தக் குற்றச்சாட்டு அபத்தமில்லை. பழைய வரைபடம் ஃபேன்டசியின் சொத்து. அதைப் பார்த்து யார் வரைந்தாலும், முதலில் வரைந்தவரே வரைந்தாலும், கேள்வி ஒன்றுதான். 1988-ல் சான் பிரான்சிஸ்கோவில் விசாரணை நடந்தது. ஃபோகர்ட்டி சாட்சிக் கூண்டுக்கே கிதாரைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். இரண்டும் ஒரே ஆளின் பாணி, ஆனால் இரண்டு தனிப் பாட்டுகள் என்று விளக்கினார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குச் செலவை யார் ஏற்பது என்ற தகராறு அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-ல் அதிலும் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

இதுவரை பார்த்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பாட்டு என்பது இசைப்படைப்பு, ஒலிப்பதிவு என்ற இரண்டு தனிச் சொத்து. ‘ஃபார்ச்சுனேட் சன்’ விஷயத்தில் இரண்டும் நிறுவனத்திடம் இருந்தன, எழுதியவரிடம் ஒன்றுமில்லை.

படத்துக்குள் பாட்டு எப்படி நுழைகிறது?

திரைப்படம், தொடர், விளம்பரம், வீடியோ கேம் எதுவானாலும், ஓடும் காட்சியோடு ஒரு பாட்டைச் சேர்த்து ஒட்ட ஒரு தனி அனுமதி வேண்டும். இதற்கு ‘ஒத்திசைவு உரிமம்’ என்று பெயர். துறையில் எல்லோரும் சுருக்கமாக ‘சிங்க்’ என்பார்கள். இது இசைப்படைப்பின் உரிமையாளர் தருவது. அசல் கிரீடென்ஸ் குரலே வேண்டுமென்றால் ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு கதவு, இரண்டு பூட்டு. கட்டணத்துக்கு அரசு விலைப்பட்டியல் எதுவும் கிடையாது, பேரம்தான். உரிமையாளர் மாட்டேன் என்று சொன்னால் அத்தோடு முடிந்தது.

செல்வாக்குள்ள கலைஞர்கள் சிலர், விளம்பரத்துக்குக் கொடுப்பதானால் என்னைக் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவார்கள். 1960களின் இறுதியில், இன்னும் பெயர் வாங்காத இளைஞர்களுக்கு அந்தப் பலம் ஏது?

இரண்டு கதவு என்பதால் ஒரு சந்து வழியும் உண்டு. அசல் ஒலிப்பதிவு வேண்டாம், நாங்களே வேறு ஆளை வைத்துப் பாட வைத்துக்கொள்கிறோம் என்றால் ஒரு கதவைத் தட்டினால் போதும். ‘பயோஷாக் இன்ஃபினிட்’ என்ற வீடியோ கேம் அப்படிச் செய்தது. 1912-ல் நடக்கும் கற்பனைக் கதையில் ஒரு பெண் குரல் அந்தப் பாட்டைப் பாடுகிறது. வெறும் இசைத்தட்டாக வெளியிடும் மறுபாடலுக்கு, அதாவது ‘கவர்’ என்று சொல்வதற்கு, விதி இன்னும் தளர்வு. பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் சட்டம் வகுத்த தொகையைக் கட்டிவிட்டுப் பாடிப் பதிவு செய்யலாம், உரிமையாளர் மறுக்க முடியாது. காட்சியோடு சேர்க்கும்போது அந்தச் சலுகை இல்லை.

அர்த்தம் மாறும் விதம்

சரி, உரிமம் வாங்கியாயிற்று. பாட்டின் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதன் பொருளை எப்படி மாற்றுகிறார்கள்?

மிக எளிய வழி கத்தரி. ராங்லர் செய்தது அதுதான். பாட்டின் முதல் இரண்டு வரி ஒரு பொறி மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. கொடி, நிறங்கள், பெருமிதம் என்று கேட்பவரை உள்ளே அழைத்துவிட்டு அடுத்த வரியில் பீரங்கியை அவர் பக்கம் திருப்புவதுதான் ஃபோகர்ட்டியின் உத்தி. பீரங்கிக்கு முன்னால் வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது வெறும் அழைப்பு. கிண்டலாகச் சொன்னது புகழ்ச்சியாக ஆகிவிடும். ஒருவர் “ஆமாம், நீ பெரிய மகாராஜா” என்று நக்கலாகச் சொன்னதில் நக்கலை மட்டும் நீக்கிவிட்டு எழுதி மாட்டினால் எப்படி இருக்கும்? அப்படி. ஃபோகர்ட்டி இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது, வெட்டவே வேண்டியதில்லை. பாட்டைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் காட்சியோடு சேர்த்துக்கொண்டே இருந்தால் போதும். 1994-ல் வந்த ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தில் நாயகன் வியட்நாமில் ஹெலிகாப்டரில் போய் இறங்கும்போது இந்தப் பாட்டு ஒலிக்கும். காட்சி பிரமாதமாக அமைந்தது. அதற்குப் பிறகு ஹெலிகாப்டர் என்றால் இந்தப் பாட்டு, இந்தப் பாட்டு என்றால் ஹெலிகாப்டர் என்று ஆகிவிட்டது. வியட்நாம் போர் பற்றிய கேம்களும் இணையத்தின் கேலி வீடியோக்களும் அந்த முடிச்சை மேலும் இறுக்கின.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் படத்தில் நாயகன் போரிலிருந்து திரும்பி, அதிபர் ஜான்சன் கையால் பதக்கம் வாங்குகிறான். ஜான்சனின் பதவிக்காலம் 1969 ஜனவரியில் முடிந்தது. அப்படியானால் ஹெலிகாப்டர் காட்சி அதற்கும் முன்னால் நடந்திருக்க வேண்டும். பாட்டு வந்ததோ 1969-ன் பிற்பகுதியில். கதைப்படி அந்த ஹெலிகாப்டர் பறந்தபோது இந்தப் பாட்டே பிறக்கவில்லை! யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கும் அது குறையாகப் படவில்லை. ஆனால் பாட்டு என்ன சொல்கிறது என்பதைவிட எந்தக் காலத்தை நினைவூட்டுகிறது என்பதே முக்கியமாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அது சுவரில் மாட்டிய நாட்காட்டி மாதிரி ஆகிவிட்டது. ‘இது அறுபதுகளின் வியட்நாம்’ என்று ஒரே நொடியில் சொல்ல ஒரு சுருக்குவழி. செனட்டர் மகனும் வரிக்காரரும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனார்கள்.

மூன்றாவது காரணம் கேட்பவர்களாகிய நாம். அந்தக் கிதார் வாசிப்பு உடம்பை முறுக்கேற்றும். சொல்லைக் கவனிக்காமல் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அது வீறாப்புப் பாட்டு. கோபத்துக்கும் பெருமிதத்துக்கும் இசையில் இடைவெளி கொஞ்சம்தான். இரண்டுக்கும் அதே டிரம், அதே கத்தல். இசைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். எதிர்ப்புப் பாட்டு பிரபலமாக வேண்டுமென்றால் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பிடிக்கிற மாதிரி இருந்தால் யார் வேண்டுமானாலும் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மேடையில் ஒலிபெருக்கி

அப்புறம் அரசியல் கூட்டம். இங்கே விதி முற்றிலும் வேறு. பலர் விளம்பரத்தையும் கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கூட்டத்தில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவது காட்சியோடு ஒட்டுவது ஆகாது. இது ‘பொதுவில் நிகழ்த்துதல்’. ஒவ்வொரு ஓட்டலும் வானொலியும் அரங்கமும் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளரைத் தேடிப் போய்க் கேட்க முடியுமா? அதனால் எழுத்தாளர்கள், வெளியீட்டாளர்கள் சார்பில் அனுமதி கொடுத்துப் பணம் வசூலிக்க உரிமச் சங்கங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1914-ல் தொடங்கிய ஆஸ்கேப், 1939-ல் தொடங்கிய பி.எம்.ஐ. இரண்டும் பெரியவை. அரங்கம் ஒரு கட்டணம் கட்டினால் சங்கத்தின் பட்டியலில் உள்ள லட்சக்கணக்கான பாட்டுகளில் எதையும் போட்டுக்கொள்ளலாம். இதற்குப் பெயர் ‘மொத்த உரிமம்’. மாதச் சந்தா கட்டிவிட்டு நூலகத்தில் எந்தப் புத்தகத்தையும் எடுப்பது போல. எழுதியவருக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு விசித்திரம். சாதாரண வானொலியிலோ அரங்கத்திலோ இசைத்தட்டு ஒலித்தால் இசைப்படைப்புக்குத்தான் பணம். ஒலிப்பதிவின் உரிமையாளருக்கோ பாடியவருக்கோ காலணாகூடக் கிடையாது.

2020 செப்டம்பரில் மிச்சிகனில் நடந்த டிரம்ப் பிரசாரக் கூட்டத்தில் ‘ஃபார்ச்சுனேட் சன்’ ஒலித்தது. ஃபோகர்ட்டி ஒரு வீடியோவில் இது தனக்குக் குழப்பமாக இருக்கிறது என்றார். வசதியான குடும்பத்தில் பிறந்து, படிப்புக்காக நான்கு முறையும் உடல்நிலைக்காக ஒருமுறையும் ராணுவ அழைப்பிலிருந்து தள்ளிவைப்புப் பெற்றவர் டிரம்ப். அப்படிப்பட்டவரின் கூட்டத்தில் இந்தப் பாட்டா என்பதுதான் அவர் கேள்வி. அக்டோபரில் ‘நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்ற சட்டக் கடிதத்தை அனுப்பினார்.

செய்தி படித்தவர்கள் பலர் அதோடு தடை வந்துவிட்டது என்று நினைத்தார்கள். அது தடை இல்லை. வழக்கறிஞர் எழுதும் எச்சரிக்கைக் கடிதம் அவ்வளவுதான். நீதிமன்ற முத்திரை எதுவும் அதில் கிடையாது. மொத்த உரிமம் கையில் இருந்தால் காப்புரிமை மீறல் என்று சொல்வதே கஷ்டம். அதற்காகத்தான் சங்கங்கள் அரசியல் பிரசாரங்களுக்கென்று தனி உரிமம் வைத்திருக்கின்றன. அதில், ஒரு பாட்டின் பக்கத்திலிருந்து ஆட்சேபம் வந்தால் அந்தப் பாட்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடல்களை பி.எம்.ஐ. அப்படித்தான் எடுத்தது. மற்றொரு வழியும் இருக்கிறது: நான் அந்த வேட்பாளரை ஆதரிக்கிறேன் என்ற பொய்யான தோற்றம் உண்டாகிறது என்று வழக்காடலாம். அது காப்புரிமையைச் சேர்ந்தது இல்லை, வேறு சட்டம்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் தவறான புரிதல் வந்திருக்கிறது. 2014 நவம்பர் 11, முன்னாள் ராணுவத்தினர் தினம். வாஷிங்டனில் அவர்களுக்காக நடந்த பெரிய இசை நிகழ்ச்சியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டேவ் குரோல், ஸாக் பிரவுன் மூவரும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். ராணுவ எதிர்ப்புப் பாட்டை வீரர்கள் முன்னாலேயே பாடுவதா என்று சிலர் கொதித்தார்கள். ஃபோகர்ட்டி தலையிட்டு, இது வீரர்களுக்கு எதிரான பாட்டே இல்லை, தானும் சேவை செய்தவன்தான் என்று விளக்க வேண்டியிருந்தது. ஒருவர் இதை நாட்டுப்பற்றுப் பாட்டு என்று போட, இன்னொருவர் தேசத்துரோகப் பாட்டு என்று திட்ட, எழுதியவர் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் வரிகளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

நினைவில் வைக்க: காட்சியோடு சேர்த்தால் ஒத்திசைவு உரிமம், தனித்தனியாகப் பேரம் பேசி வாங்க வேண்டும், உரிமையாளர் மறுக்கலாம். கூட்டத்தில் ஒலிபரப்பினால் மொத்த உரிமம், பொதுவாக யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எழுதியவரின் மனம் புண்படுவதற்குச் சட்டத்தில் இடம் இல்லையா?

சில நாடுகளில் இருக்கிறது. பிரான்ஸில் ‘தார்மிக உரிமை’ வலுவானது. படைப்பை விற்றுவிட்டாலும், அதைச் சிதைத்துப் பயன்படுத்துவதை எதிர்க்கும் உரிமை படைப்பாளியை விட்டுப் போகாது. அமெரிக்கா 1990-ல் கொண்டுவந்த இதுபோன்ற சட்டம் ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக்கலைகளுக்கு மட்டும். பாட்டு எழுதியவருக்கு அது உதவாது. அதனால்தான் ஃபோகர்ட்டியிடம் இருந்த ஆயுதம் பேட்டி ஒன்றே. ஆனால் அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு ஜீன்ஸ் விளம்பரம் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால், அவர் வாய் திறந்ததால்தான்.

சாவி திரும்பி வந்த கதை

2004-ல் ஃபேன்டசியை கான்கார்ட் நிறுவனம் வாங்கியது. புதிய உரிமையாளர்கள் ஃபோகர்ட்டி விட்டுக்கொடுத்திருந்த ராயல்டியைத் திருப்பித் தந்தார்கள். இசைப்படைப்பின் உரிமை மட்டும் வரவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: 1978-க்கு முன் எழுதிக் கொடுத்த உரிமையை, காப்புரிமை தொடங்கி 56 ஆண்டு கழித்து, உரிய காலத்தில் அறிவிப்புக் கொடுத்தால் அந்நாட்டளவில் படைப்பாளி திரும்பப் பெறலாம். அந்தக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில், கிரீடென்ஸுக்காக எழுதிய பாடல்களின் வெளியீட்டு உரிமையில், அதாவது இசைப்படைப்பின் உரிமையில், பெரும்பங்கை உலக அளவில் வாங்கிவிட்டதாக ஃபோகர்ட்டி அறிவித்தார். எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தன் சொந்த வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கினார்.

வீடு, அதாவது 1969-ன் ஒலிப்பதிவு, கான்கார்டிடமே இருக்கிறது. அதற்கும் அவர் ஒரு வழி கண்டார். 2025-ல், 80 வயதில், ‘ஃபார்ச்சுனேட் சன்’ உட்படப் பழைய பாடல்களை மறுபடி பாடிப் பதிவு செய்து ஒரு தொகுப்பாக வெளியிட்டார். வரைபடம் கையில் இருக்கிறது, பக்கத்து மனையில் அதே மாதிரி இன்னொரு வீடு கட்டிவிட்டார். இனி ஒரு விளம்பர நிறுவனம் இந்தப் பாட்டைக் கேட்டு வந்தால், எந்த ஒலிப்பதிவை விரும்பினாலும் இசைப்படைப்புக்கான கதவில் நிற்பவர் அவர்.

இந்த இரண்டு சொத்துக்கும் ஆயுள்கூட ஒன்றில்லை. இன்றைய அமெரிக்கச் சட்டப்படி 1969-ல் வெளியான இசைப்படைப்பின் காப்புரிமை 95 ஆண்டு ஓடி 2064 முடிவில் தீரும். அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்போ 2067 பிப்ரவரி 15 வரை நீள்கிறது. நடுவில் இரண்டு ஆண்டுகளும் சில வாரங்களும். அந்த இடைவெளியில் அமெரிக்காவில் எவரும் ‘ஃபார்ச்சுனேட் சன்’ பாட்டைப் பாடலாம், வெட்டலாம், விளம்பரத்தில் சேர்க்கலாம். 1969-ல் பதிவான அந்தக் கரகரத்த குரலை மட்டும் இன்னும் கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.